"இதைப் போட்டா என் பில் மாறுமா?": கமிட் குறிப்பிலிருந்து பதிப்பு எண்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடில், கோடை புஷ் பண்ணினதும் டெஸ்ட் தானா ஓடுற இடம் வரைக்கும் வந்து நிறுத்தினோம். இன்னைக்கு அதுக்கு அடுத்த படி. டெஸ்ட் எல்லாம் பாஸ். சரி, இப்போ இந்த வெளியீட்டுக்கு என்ன எண் கொடுக்கிறது? 2.3.4-ஆ, 2.4.0-ஆ, 3.0.0-ஆ? கூடவே ஒரு குறிப்பு எழுதணுமே, "இதுல என்ன மாறியிருக்கு"ன்னு, அதை யார் எழுதுறது? இந்த ரெண்டையும் கமிட் மெசேஜை வெச்சே எந்திரத்துகிட்ட விட்டுடலாம்னு ஒரு வழி இருக்கு. அது எவ்வளவு தூரம் சரி, எங்கே போய் நிக்குதுன்னு பார்க்கலாம்.

நான் அருப்புக்கோட்டையில இருந்து பேசுறேன். இங்கே நூல் கடைக்காரங்க, விசைத்தறி வெச்சிருக்கிறவங்களுக்குக் கணக்கு எழுதுற ஒரு சின்ன மென்பொருள் செய்றேன். திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலக் கரி வியாபாரம் பண்ற சிலரும் அதே மென்பொருளோட எடை பில் பகுதியை மட்டும் வெச்சிருக்காங்க. இவங்களுக்கு செமான்டிக் வெர்ஷனிங்னா என்னன்னு தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்லை. ஆனா அப்டேட் வந்திருக்குன்னு சொன்னா எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "இதைப் போட்டா என் பில் மாறுமா?"

செமான்டிக் வெர்ஷனிங் அந்தக் கேள்விக்கான பதில்தான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. கிட்ஹப் நிறுவனர்கள்ல ஒருத்தரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதின விதிமுறை அது. இப்போ எல்லாரும் பின்பற்றுற 2.0.0 வடிவம் 2013-இல் வந்தது. மூணு எண். பிழை திருத்தம் மட்டும்னா கடைசி எண் ஏறும். பழசு எதையும் உடைக்காம புதுசா ஒண்ணு சேர்த்தா நடு எண் ஏறும், கடைசி எண் பூஜ்யத்துக்குப் போகும். இதுவரை நம்பி இருந்தவங்க ஏதாவது மாத்தியே ஆகணும்னா முதல் எண் ஏறும். கடைக்காரர் மொழியில சொன்னா: கடைசி எண் மாறினா யோசிக்காம போடு. நடு எண் மாறினா போடு, நேரம் இருக்கும்போது புதுசைப் பாரு. முதல் எண் மாறினா எனக்கு ஒரு போன் பண்ணிட்டுப் போடு.

நம்ம பக்கத்துக் கண்மாயை நினைச்சுக்குங்க. இந்த வறண்ட பூமியில கண்மாய் தனியா இருக்கிறது குறைவு. மேல் கண்மாய் நிறைஞ்சு கலிங்கு வழியா மறுகால் பாய்ஞ்சாத்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணி. மேல் ஊர்க்காரர் மடையைச் சரி பண்ணினா அது அவர் வீட்டு வேலை, கீழே இருக்கிறவருக்குச் சொல்லணும்னு இல்லை. கலிங்கை ஒரு கல் உசத்திக் கட்டினா? அவரைப் பொறுத்தவரை அதுவும் "மராமத்து"தான். கீழே அந்த வருஷம் நடவு கிடையாது. நம்ம கோடை நம்பி இன்னொரு கோடு, அதை நம்பி இன்னொண்ணு. மேலே இருக்கிறவர் தன் வேலைக்கு என்ன பேர் வைக்கிறார்ங்கிறது கீழே இருக்கிறவரோட பிழைப்பு.

அதுவும் இப்போ கீழே இருக்கிறவர் கேட்காமலே தண்ணி வந்துடும். என்பிஎம்-ல ஒரு பேக்கேஜைச் சேர்த்தா, அது தானாவே எண்ணுக்கு முன்னாடி ஒரு கூரைக்குறியைப் போட்டு ^2.3.0-ன்னு எழுதிக்கும். 2.3.0-இல் இருந்து 3.0.0-க்குக் கீழே எது வந்தாலும் எடுத்துக்கலாம்னு அர்த்தம். அதாவது அந்த எண்ணை இன்னொரு எந்திரம் படிச்சு முடிவெடுக்குது.

வெளியீட்டு நாள் பாடு

கையால எண் வெக்கிறவங்க எப்படி வெக்கிறாங்கன்னு பார்த்திருக்கீங்களா? மூணு வாரத்துல நாற்பது கமிட். "சின்ன மாற்றம்", "சரி பண்ணியாச்சு", "இப்போ வேலை செய்யும்", "இப்போ நிஜமாவே வேலை செய்யும்". வெளியீட்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து இதை எல்லாம் ஒருத்தர் புரட்டி, எது உடைக்கும் எது உடைக்காதுன்னு ஞாபகத்துல இருந்து சொல்லணும். மூணு வாரத்துக்கு முன்னாடி செஞ்சது ஞாபகம் இருக்காது. "பெரிய வேலை பண்ணியிருக்கோம்"ங்கிற மனநிலையில இருந்தா முதல் எண்ணை ஏத்துவாங்க. வாடிக்கையாளர் பயப்படுவாரேன்னு நினைச்சா கடைசி எண்ணை ஏத்துவாங்க. ரெண்டுக்கும் கோடுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதுக்கு ஆங்குலர் குழு ஒரு பழக்கத்தைக் கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு கமிட்டோட முதல் வரியும் ஒரு வகைச் சொல்லோட ஆரம்பிக்கணும். பிழை திருத்தம்னா "ஃபிக்ஸ்", புது வசதின்னா "ஃபீட்", ஆவணம்னா "டாக்ஸ்", எடுபிடி வேலைன்னா "சோர்". தேவைன்னா அடைப்புக்குறிக்குள்ள எந்தப் பகுதின்னு, அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, பிறகு விளக்கம். உடைக்கிற மாற்றம்னா கீழே அடிக்குறிப்புல "பிரேக்கிங் சேஞ்ச்"னு பெரிய எழுத்துல போட்டு என்ன உடையுதுன்னு எழுதணும். வகைச் சொல்லுக்குப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி வெக்கிற சுருக்க வழி பின்னாடி வந்தது. இந்தப் பழக்கத்தைப் பொதுவாக்கி எழுதினதுதான் கன்வென்ஷனல் கமிட்ஸ். அதோட 1.0.0 வடிவம் 2019-இல் வந்தது.

அதுக்கப்புறம் மிச்சம் கணக்குதான். செமான்டிக்-ரிலீஸ்னு ஒரு கருவி. சிஐ-ல டெஸ்ட் முடிஞ்சதும் ஓடும். முதல்ல கிட் டேக்குகளைப் பார்த்துக் கடைசியா வெளியான எண் எதுன்னு கண்டுபிடிக்கும். அதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் உள்ள கமிட்டுகளை ஒண்ணொண்ணா வாசிக்கும். "ஃபிக்ஸ்" கடைசி எண்ணுக்கு, "ஃபீட்" நடு எண்ணுக்கு, உடைக்கிறது முதல் எண்ணுக்கு. இதுல எது பெரிசோ அது ஜெயிக்கும். வெறும் டாக்ஸும் சோரும் மட்டும் இருந்தா வெளியீடே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடும். அப்புறம் வகைவாரியாப் பிரிச்சுக் குறிப்பு எழுதும், டேக் போடும், பேக்கேஜை வெளியிடும். மனுஷக் கை எங்கேயும் படாது.

இதுல முக்கியமான விஷயம், முடிவு இல்லாம போகலை, இடம் மாறியிருக்கு. வெளியீட்டு நாள்ல ஒருத்தர் எடுத்த முடிவை, இப்போ கோடு எழுதின ஆளே, எழுதின சூட்டோட, கமிட் பண்ற நிமிஷத்துல எடுக்கிறார். ஞாபகம் மங்குறதுக்கு முன்னாடி. இதோட லாபம் முழுக்க அங்கேதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். எண்ணைக் கூட்டுறது யார் வேணா செய்யலாம்.

நடைமுறையில இடறுற சில இடம். கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல செக்அவுட் பண்ணும்போது கடைசி ஒரே ஒரு கமிட்தான் இறங்கும், அதுதான் இயல்பு அமைப்பு. பழைய கமிட்டும் டேக்கும் இல்லாம இந்தக் கருவி எதை வாசிக்கும்? ஃபெட்ச் டெப்த்தைப் பூஜ்யம்னு வெச்சு முழு வரலாறையும் இறக்கணும். அடுத்து, டேக்கே இல்லாத ரெப்பாசிட்டரியில ஓட விட்டா முதல் எண்ணை 1.0.0-ன்னு வெச்சிடும். நீங்க ஏற்கெனவே 2.3-இல் இருந்தா முதல்ல கையால ஒரு டேக் போட்டுட்டு ஆரம்பிங்க. மூணாவது, புல் ரிக்வெஸ்டை ஸ்குவாஷ் பண்ணி மெர்ஜ் பண்ற குழுவா இருந்தா, புல் ரிக்வெஸ்டோட தலைப்புதான் கமிட்டா மாறும்படி அமைச்சுட்டு, தலைப்பை மட்டும் கண்டிப்பாச் சோதிச்சாப் போதும். உள்ளே இருக்கிற "சரி பண்ணியாச்சு"களை நிம்மதியா விட்டுடலாம்.

தமிழ்ல எழுதலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். விளக்கத்தைத் தாராளமா எழுதலாம், நான் எழுதுறேன். ஆனா வகைச் சொல் ஆங்கில எழுத்துல இருந்தே ஆகணும், ஆங்குலர் பாணியைப் படிக்கிற பாகுபடுத்திக்கு அதுதான் புரியும். இன்னொரு வேடிக்கை: கமிட்லின்ட்டோட வழக்கமான அமைப்புல தலைவரிக்கு 100 எழுத்து வரம்பு. அது எண்றது நாம பார்க்கிற எழுத்தை இல்லை. "கூலி" நமக்கு ரெண்டு எழுத்து. அதுக்கு நாலு, கால் கொம்பெல்லாம் தனித்தனி. தமிழ்ல எழுதுறவங்க அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்திக்கிறது நல்லது.

ஈஆர்பிநெக்ஸ்ட் செஞ்ச ஒரு வரி

இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்க நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கு. மும்பையில இருக்கிற ஃப்ராப்பே நிறுவனத்தோட ஈஆர்பிநெக்ஸ்ட். திறந்த மூல மென்பொருள்; கணக்கு, சரக்கு, உற்பத்தின்னு ஒரு ஆலைக்கோ கடைக்கோ தேவையானது எல்லாம் உள்ளே இருக்கு. அதோட ரெப்பாசிட்டரியைத் திறந்து கமிட் பட்டியலைப் பாருங்க: வரிசையா ஃபிக்ஸ், ஃபீட், சோர். புல் ரிக்வெஸ்ட் தலைப்பு இந்த வடிவத்துல இல்லைன்னா சோதனை சிவப்பு காட்டும்.

வேலை முதல்ல டெவலப் கிளைக்குப் போகும். அங்கேருந்து தேவையான திருத்தங்களை மட்டும் அந்தந்தப் பதிப்போட திருத்தக் கிளைக்குப் பிரதி எடுப்பாங்க. வாராவாரம் செவ்வாய்க்கிழமை, அந்தத் திருத்தக் கிளையை வெளியீட்டுக் கிளையோட சேர்க்கிற புல் ரிக்வெஸ்ட் தானாவே உருவாகும். மெர்ஜ் ஆனதும் செமான்டிக்-ரிலீஸ் ஓடி, எண்ணைக் கணக்குப் போட்டு, பைத்தான் கோப்புல இருக்கிற பதிப்பு எண்ணை மாத்தி, குறிப்போட கிட்ஹப்ல வெளியிடும்.

இப்போ அதோட அமைப்புக் கோப்புல நான் ரொம்ப ரசிச்ச ஒரு வரி. "கமிட் உடைக்கிற வகைன்னா, வெளியீடு: இல்லை." அதாவது எந்திரத்துக்கு முதல் எண்ணைத் தொட அனுமதியே கிடையாது. ஒரு பங்களிப்பாளர் 14-ஆம் பதிப்புக் கிளையில ஆச்சரியக்குறி போட்டு ஒரு கமிட் வெச்சாலும், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீர்னு 15 பிறந்துடாது. கடைசி எண்ணும் நடு எண்ணும் எந்திரத்தோடது. முதல் எண் மனுஷங்க கூடிப் பேசி எடுக்கிற முடிவு.

இது ஏன் சரின்னா, அங்கே முதல் எண் மாறுறது சாதாரண விஷயம் இல்லை. 2022-இல் 14-ஆம் பதிப்பு வந்தப்போ, இந்தியாவுக்கான ஜிஎஸ்டி பகுதியை மைய மென்பொருள்ல இருந்து பிரிச்சு, இண்டியா கம்ப்ளையன்ஸ்னு தனிச் செயலியா ஆக்கிட்டாங்க. 13-இல் இருந்து 14-க்குப் போற ஒரு கடைக்காரர் அந்தச் செயலியையும் சேர்த்து நிறுவணும். "இதைப் போட்டா என் பில் மாறுமா?"ங்கிற கேள்விக்கு நேரான பதில் இங்கே "ஆமாம், ஏற்பாடு பண்ணிட்டுப் போடுங்க". அந்தப் பதிலை ஒரு கமிட்டோட ஆச்சரியக்குறியில இருந்து எந்திரம் முடிவு பண்ணக் கூடாது. எந்த மாசம், ரிட்டர்ன் தாக்கல் நாளுக்கு முன்னாடியா பின்னாடியா, பழைய பதிப்புக்கு எத்தனை நாள் ஆதரவுன்னு அதுக்குள்ள ஏகப்பட்ட பேச்சு இருக்கு.

செமான்டிக்-ரிலீஸ் ஆட்கள் இதை ஒத்துக்க மாட்டாங்க. எண்ணுக்கு உணர்ச்சி கிடையாது, 47-ஆம் பதிப்பு வந்தாலும் வரட்டும்ங்கிறது அவங்க கட்சி. ஒரு நூலகத்துக்கு, அதாவது மத்த நிரலர்கள் மட்டும் பயன்படுத்துற பேக்கேஜுக்கு, நானும் அந்தக் கட்சிதான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ற மென்பொருளுக்கு ஃப்ராப்பே பக்கம்தான் நிப்பேன்.

எந்திரத்துக்குத் தெரியாதது

ஒரு கணக்கைப் பார்ப்போம். தறிக்காரர் ஒருத்தர் பாவு நூலும் ஊடை நூலும் வாங்கிட்டுப் போறார். துணியாத் திருப்பிக் கொடுக்கிறார். கொடுத்த நூலுக்கும் வந்த துணிக்கும் உள்ள எடை வித்தியாசத்துல சேதாரம்னு ஒரு பங்கு கழியும். மீதி குறைஞ்சா கூலியில பிடிப்பாங்க. இப்போ எடையை மூணு தசம இடத்துல காட்டுறது அசிங்கமா இருக்கு, ரெண்டு இடத்துக்கு மாத்துங்கன்னு ஒரு கோரிக்கை வருதுன்னு வெச்சுக்குங்க. நிரலர் மாத்துவார், "ஃபிக்ஸ்: எடைக் காட்சி சீரமைப்பு"ன்னு எழுதுவார். கருவி 2.3.4-ஐ 2.3.5 ஆக்கும். எல்லாக் கடையிலயும் தானா இறங்கும். அந்த மாத்தம் திரையில மட்டும் நடந்தா ஒண்ணும் இல்லை. கணக்குக்குள்ளேயே ரெண்டு இடத்துக்குச் சுருக்கியிருந்தா, ஒவ்வொரு வரியிலயும் சில கிராம் நகரும். வாரம் முழுக்கச் சேர்ந்தா சனிக்கிழமை கூலியில தெரியும். யாரோட கூலின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்திரம் வாசிக்கிறது அந்த "ஃபிக்ஸ்"ங்கிற வார்த்தையை மட்டும்தான். கோடை வாசிக்கிறதில்லை. கலிங்கு உசந்திருக்கான்னு அதுக்குத் தெரியாது. "மராமத்து"ன்னு எழுதியிருந்தா மராமத்துதான்.

நல்ல எண்ணத்தோட வெக்கிற எண்ணும் உடைக்கும். பைத்தான்ல கிரிப்டோகிராஃபின்னு ஒரு பேக்கேஜ். 2021 பிப்ரவரியில 3.4 வந்தது. வெளியில இருந்து கூப்பிடுற முறை எதுவும் மாறலை. உள்ளே மட்டும், அதை மூலத்துல இருந்து கட்டணும்னா ரஸ்ட் மொழி நிறுவியிருக்கணும்னு ஆச்சு. ஆயத்தமாக் கட்டின கோப்பை இறக்குறவங்களுக்குத் தெரியவே இல்லை. ஆல்பைன் மாதிரிச் சின்ன லினக்ஸ்ல மூலத்துல இருந்து கட்டினவங்களோட பில்டு எல்லாம் ஒரே ராத்திரியில நின்னது. அவங்க செமான்டிக் வெர்ஷனிங்கைப் பின்பற்றினவங்க இல்லை, தங்களுக்குன்னு ஒரு எண் முறை வெச்சிருந்தாங்க. இதுக்கப்புறம் முறையை மாத்தி, அதே வருஷம் 35.0.0-க்குத் தாவிட்டாங்க. ஆனா செமான்டிக் வெர்ஷனிங்கைச் சரியாப் பின்பற்றியிருந்தாலும் அந்தக் கமிட்டுக்கு யாரும் ஆச்சரியக்குறி போட்டிருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. கூகிள்ல வேலை பார்த்த ஹைரம் ரைட் பேர்ல ஒரு விதி சொல்வாங்க: பயன்படுத்துறவங்க போதுமான அளவு சேர்ந்துட்டா, நீங்க வாக்குக் கொடுக்காத நடத்தையையும் யாராவது ஒருத்தர் நம்பிக்கிட்டு இருப்பார்.

அதனால நான் ஒரு கூடுதல் விதி வெச்சிருக்கேன். கூலி, சேதாரம், வரி, எடை, இந்த நாலு அடைவுக்குள்ள ஒரு வரி மாறினாலும், வகைச் சொல் என்னவா இருந்தாலும், சிஐ நிறுத்தும். பழைய பில்கள் அடங்கின ஒரு கோப்பைப் புதுக் கோடுல ஓட்டி, ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியக்குறி இல்லாம விடாது. சிக்கலான கருவி இல்லை, அறுபது வரி ஸ்கிரிப்ட். வகைச் சொல்லை நம்பலாம், ஆனா காசு இருக்கிற இடத்துல சாட்சி கேட்கணும்.

ஏஐகிட்ட கமிட் மெசேஜை எழுத விடலாமான்னும் கேட்டிருந்தீங்க. என்ன மாறியிருக்குன்னு அது அழகா எழுதும். யாருக்கு உடையும்ங்கிறது கோடு வித்தியாசத்துல இல்லையே, கடையில இருக்கு. விளக்கத்தை அது எழுதட்டும், வகைச் சொல்லை நீங்க போடுங்க.

குறிப்பு யாருக்கு?

வெளியீட்டுக் குறிப்புல எனக்கு இந்தக் கருவிகள் மேல கொஞ்சம் குறை உண்டு. கமிட்டுல இருந்து வர்ற குறிப்பு நிரலர் நிரலருக்கு எழுதினது. "ஃபிக்ஸ்: நல் மதிப்பு சோதனை சேர்ப்பு"ன்னு ஒரு கரி வியாபாரிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா அவர் என்ன செய்வார்? ஃப்ராப்பே இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க: ரெப்பாசிட்டரிக்குள்ள மாற்றப் பதிவுன்னு தனி அடைவு, அதுல மனுஷங்க எழுதின சின்னக் குறிப்பு, அப்டேட் ஆனதும் பயனர் திரையில அது தோணும். எந்திரம் எழுதின பட்டியல் கிட்ஹப்ல, மனுஷர் எழுதினது திரையில. ரெண்டு வாசகர், ரெண்டு குறிப்பு.

நான் அதைக் கமிட்டுக்குள்ளேயே கொண்டு வந்துட்டேன். கமிட்டோட அடியில டிரெய்லர்னு ஒரு வரி எழுதலாம், சாவிச் சொல், முக்காற்புள்ளி, மதிப்பு. "கடைக்கு: எடைச்சீட்டில் லாரி எண் இனி பெரிதாக அச்சாகும். பில் தொகை மாறாது." வெளியீட்டின்போது அந்த வரிகளை மட்டும் கிட் லாக்ல இருந்து பிரிச்சு எடுத்தா, கடைக்காரருக்கான குறிப்பு தயார். ஒரே ஒரு கட்டுப்பாடு: சாவிச் சொல்லை ஆங்கில எழுத்துல வெக்கணும், கிட் அப்படித்தான் டிரெய்லரை அடையாளம் காணுது. மதிப்பு தமிழ்ல இருந்தா அதுக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு கடை வரியும் "பில் தொகை மாறாது" இல்லைன்னா "பில் தொகை மாறும்"னு முடியணும்னு வெச்சிருக்கேன். இதை எழுத உட்கார்றப்பத்தான் பல தடவை, அடடே இது ஃபிக்ஸ் இல்லையேன்னு நிரலருக்கே உறைக்கும்.

எந்தக் கருவின்னு கேட்டா, கடை மென்பொருளுக்கு நான் கூகிள் வெளியிட்ட ரிலீஸ்-ப்ளீஸ் பக்கம் சாய்வேன். அதுவும் இதே கமிட்டுகளைத்தான் வாசிக்குது, ஆனா உடனே வெளியிடாது. அடுத்த எண்ணையும் குறிப்பையும் ஒரு புல் ரிக்வெஸ்டாத் திறந்து வெச்சுட்டுக் காத்திருக்கும். கமிட் சேரச் சேரப் புதுப்பிக்கும். நீங்க மெர்ஜ் பண்ணினாத்தான் டேக். வெள்ளி, சனி மெர்ஜ் கிடையாதுன்னு நாங்க வெச்சிருக்கோம், சனிக்கிழமை கூலி நாள். சேஞ்ச்செட்ஸ்னு இன்னொண்ணு, கமிட்டை விட்டுட்டு மாற்றத்துக்கு ஒரு கோப்புன்னு எழுதச் சொல்லும். ஒரே ரெப்பாசிட்டரியில பல பேக்கேஜ் இருந்தா அதைப் பாருங்க.

தனி ஆளா வேலை பார்க்கிறவங்க, கருவி எதையும் இணைக்கிறதுக்கு முன்னாடி செமான்டிக்-ரிலீஸை ட்ரை ரன்ல மட்டும் ஒரு மாசம் ஓட விடுங்க. எதையும் வெளியிடாது, என்ன எண் வெச்சிருப்பேன், என்ன குறிப்பு எழுதியிருப்பேன்னு மட்டும் அச்சடிக்கும். பக்கத்துல, அதே நாள் நீங்க கையால வெச்ச எண்ணை எழுதி வைங்க. ரெண்டும் ஒத்துப்போகாத கமிட்டுகளை எடுத்து எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதுல சிலதைப் பிரிச்சுப் பார்க்கலாம்.